போனிலிருந்து அச்சாகிறது, லேப்டாப்பில் மட்டும் 'ஆஃப்லைன்': பிரிண்டர் சொற்களுக்கு ஒரு விளக்கம்

நீங்கள் கேட்டிருப்பது இது: வீட்டில் ஒரு வைஃபை பிரிண்டர் இருக்கிறது, பல மாதங்களாக ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் ரௌட்டரை அணைத்துப் போட்ட பிறகு லேப்டாப் அதை 'ஆஃப்லைன்' என்று காட்டுகிறது. போனிலிருந்து அனுப்பினால் உடனே அச்சாகிறது. தீர்வு தேடிப் படித்த இடங்களில் எல்லாம் டிரைவர், ஸ்பூலர், போர்ட், ஐபி, டிஎச்சிபி என்று வரிசையாகச் சொற்கள் வருகின்றன, ஒன்றும் பிடிபடவில்லை, யாராவது எளிதாக விளக்க முடியுமா என்கிறீர்கள். சொற்களுக்குப் பொருள் கேட்பது போலத் தெரிந்தாலும், கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இதற்குள் இருக்கும் கேள்வி. அதற்கே பதில் எழுதுகிறேன். சொற்கள் போகிற வழியிலேயே வந்துவிடும்.

15 ஆண்டுகளுக்கு மேலாக அலுவலகங்களில் பிரிண்டர்களையும் நெட்வொர்க்கையும் பராமரித்து வருகிறேன். 'பிரிண்டர் ஓடவில்லை' என்று யார் கூப்பிட்டாலும் நான் முதலில் யோசிப்பது, அந்தப் பக்கம் எதுவரை போய் நின்றிருக்கிறது என்பதைத்தான். நீங்கள் 'பிரிண்ட்' அழுத்தியதிலிருந்து தாள் வெளியே வரும்வரை ஒரு பக்கம் பல கை மாறுகிறது. டிரைவர் அதை மொழிபெயர்க்கிறது, ஸ்பூலர் வரிசையில் வைக்கிறது, போர்ட் எங்கே அனுப்ப வேண்டும் என்று சொல்கிறது, நெட்வொர்க் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, பிரிண்டர் அதைப் புள்ளிகளாக்கித் தாளில் போடுகிறது. நீங்கள் படித்துக் குழம்பிய சொற்களில் பெரும்பாலானவை இந்த வழியில் ஏதோ ஓர் இடத்தின் பெயர்கள். எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிட்டால், மற்ற சொற்களை அன்றைக்கு மறந்துவிடலாம்.

டிரைவரில் தொடங்குவோம். பிரிண்டருக்கு வேர்டு கோப்பு என்றால் என்னவென்று தெரியாது. இந்த எழுத்தை இந்த இடத்தில் இந்த அளவில் போடு, இங்கே ஒரு கோடு இழு என்று அதற்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும். அப்படி மாற்றித் தரும் மென்பொருள்தான் டிரைவர். அந்த மொழிகளில் இரண்டின் பெயர் உங்கள் கண்ணில் அடிக்கடி படும்: அடோபி 1984-இல் கொண்டுவந்த போஸ்ட்ஸ்கிரிப்ட், எச்பி நிறுவனத்தின் பிசிஎல். விலை குறைந்த பிரிண்டர்கள் பலவற்றுக்கு இந்த மொழிகள் எதுவும் தெரியாது. முழுப் பக்கத்தையும் கணினியே புள்ளிகளாக்கி அனுப்பினால்தான் அவை அச்சிடும். அதனால்தான் அந்த வகைப் பிரிண்டருக்கு அதற்கென்றே வந்த டிரைவர் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது.

டிரைவர் தவறாக இருந்தால் அது எப்படித் தெரியும் என்று கேட்டால், தாளே சொல்லும். ஒரு பக்கம் அனுப்பியதற்குக் கட்டுக்கட்டாகத் தாள் வந்து, ஒவ்வொன்றிலும் பொருளில்லாத குறிகள் ஓரிரு வரி மட்டும் இருந்தால், டிரைவர் ஒரு மொழியில் பேசுகிறது, பிரிண்டர் வேறொரு மொழியை எதிர்பார்க்கிறது என்று பொருள். முதல் வரி விழுக்காட்டுக் குறியும் ஆச்சரியக்குறியும் சேர்ந்து தொடங்கினால், அது பெரும்பாலும் போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரியாத பிரிண்டருக்குப் போன போஸ்ட்ஸ்கிரிப்ட். உங்களுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. தாளே வரவில்லை என்கிறீர்கள். ஆகவே டிரைவரை நீக்கி மறுபடி நிறுவுவது உங்கள் விஷயத்தில் முதலில் செய்ய வேண்டிய வேலை இல்லை. எல்லோரும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். அது சில நேரம் பலிக்கவும் செய்யும், ஏன் பலிக்கிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது ஸ்பூலர். நூல் சுற்றி வைக்கும் உருளைக்கு ஆங்கிலத்தில் ஸ்பூல் என்று பெயர், வேலையும் ஏறக்குறைய அதுவே. கணினி ஒரு பக்கத்தைக் கண நேரத்தில் தயார் செய்துவிடும், பிரிண்டருக்கோ தாளை இழுத்து அச்சிட நேரம் வேண்டும். பிரிண்டர் முடிக்கும்வரை உங்கள் வேர்டு உறைந்து நிற்கக் கூடாது என்பதற்காக, ஸ்பூலர் அந்த வேலையை வாங்கி வட்டில் எழுதி வைத்துக்கொண்டு, பிரிண்டர் கேட்கக் கேட்கக் கொடுக்கும். இப்படிக் காத்திருக்கும் வேலைகளின் வரிசைதான் க்யூ. ஒவ்வொரு வேலையும் ஒரு ஜாப். முன்னால் நிற்கும் ஜாப் கெட்டுப்போய் நகராமல் இருந்தால் பின்னால் வருவது எல்லாமே நிற்கும். அந்த ஜாபை அழிக்கச் சொன்னாலும் 'அழிக்கிறேன்' என்று காட்டிக்கொண்டே இருக்கும். அப்போது செய்ய வேண்டியது: விண்டோஸில் சர்வீஸஸ் பட்டியலைத் திறந்து பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்துங்கள், ஸ்பூல் கோப்புறைக்குள் இருக்கும் பிரிண்டர்ஸ் என்ற கோப்புறையைக் காலி செய்யுங்கள், அப்புறம் ஸ்பூலரை மறுபடி ஓட விடுங்கள். காத்திருந்த அச்சு வேலைகள் போய்விடும், உங்கள் மூலக் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. ஜாபை அழித்த பிறகும் ஓரிரு பக்கம் வருகிறதே என்று பலர் கேட்பார்கள். ஏற்கெனவே பிரிண்டரின் நினைவகத்துக்குப் போய்விட்ட பக்கங்கள் அவை, அவற்றை நிறுத்த பிரிண்டரில் இருக்கும் கேன்சல் பொத்தானைத்தான் அழுத்த வேண்டும்.

இனி வருவதுதான் உங்களை அதிகம் குழப்பியிருக்கும் சொல்: போர்ட். குழம்பியதில் உங்கள் தவறு எதுவும் இல்லை, ஒரே சொல்லை மூன்று பொருளில் பயன்படுத்துகிறார்கள். பிரிண்டரின் பின்னால் கேபிள் செருகும் துளை ஒரு போர்ட், யூஎஸ்பி போர்ட் என்பது போல. விண்டோஸில் பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ் திறந்தால் 'போர்ட்ஸ்' என்று ஒரு பகுதி வருமே, அது வேறு. இந்தப் பிரிண்டருக்கான வேலையை எந்த வழியாக, எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று கணினி எழுதி வைத்திருக்கும் குறிப்பு அது. மூன்றாவது, நெட்வொர்க் போர்ட் எண். ஒரே கருவியில் பல சேவைகள் ஓடும்போது எந்தச் சேவையின் கதவைத் தட்டுகிறோம் என்பதைக் காட்டும் எண் அது. பிரிண்டர்களில் மூன்று கதவுகள் முக்கியமானவை. 9100-இல் தரவை அப்படியே கொட்டிவிட்டுப் போகலாம், பிரிண்டர் திரும்பப் பெரிதாக எதுவும் பேசாது. 515 என்பது எல்பிடி என்ற பழைய முறை, 1990-இல் எழுதி வைக்கப்பட்ட விதிகளின்படி இன்றும் பல கருவிகள் அதைப் புரிந்துகொள்கின்றன. 631 என்பது ஐபிபி, இன்டர்நெட் பிரிண்டிங் புரோட்டோகால். உன்னிடம் என்ன தாள் இருக்கிறது, இரு பக்கமும் அச்சிடுவாயா, மை எவ்வளவு மிச்சம் என்று பிரிண்டரோடு உரையாடக்கூடிய முறை இது. இன்றைய போன்கள் பெரும்பாலும் இந்தக் கடைசி வழியில்தான் பேசுகின்றன. உங்கள் சிக்கலுக்கு வேண்டியது இரண்டாவது பொருளில் வரும் போர்ட், அதாவது கணினி எழுதி வைத்திருக்கும் குறிப்பு. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குறிப்பில் இருப்பது ஓர் ஐபி முகவரி. ஒரு லாட்ஜை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ரௌட்டர்தான் வரவேற்பு மேசை. வைஃபையில் சேரும் ஒவ்வொரு கருவியும் அங்கே வந்து அறை எண் கேட்கும். ரௌட்டர் காலியாக இருக்கும் எண்ணைக் கொடுக்கும், 192.168.1.23 என்பது போல. இந்த எண்தான் ஐபி முகவரி, கேட்டதும் எண் கொடுக்கும் அந்த ஏற்பாட்டுக்குத்தான் டிஎச்சிபி என்று பெயர். அறை நிரந்தரமாகக் கிடைப்பதில்லை, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே. அந்தக் காலத்தை லீஸ் என்பார்கள். பாதிக் காலம் ஓடியதும் கருவி தானாகவே போய் நீட்டிப்புக் கேட்கும், எல்லாம் சரியாக இருந்தால் அதே எண்ணே தொடரும். அதனால்தான் மாதக்கணக்கில் எண் மாறாமல் இருந்து, 'இது இப்படியேதான் இருக்கும்' என்ற நம்பிக்கையை நமக்குக் கொடுத்துவிடுகிறது.

ரௌட்டரை அணைத்துப் போட்டால் என்ன ஆகிறது? வீட்டு ரௌட்டர்களில் பல, யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்ற பதிவேட்டை மின்சாரம் போனதும் இழந்துவிடும். மறுபடி எழுந்ததும் போன், டிவி, லேப்டாப் எல்லாம் ஒரே நேரத்தில் மேசைக்கு ஓடி வரும். பிரிண்டர் தன் பழைய எண்ணையே கேட்டுப் பார்க்கும், அதற்குள் வேறொரு கருவி அதை வாங்கியிருந்தால் வேறு எண்தான் கிடைக்கும். 192.168.1.31 கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். லேப்டாப்பின் போர்ட் குறிப்பில் இன்னமும் 23 என்றுதான் இருக்கிறது. அது 23-ஆம் அறைக் கதவைத் தட்டுகிறது, பதில் வரவில்லை, 'ஆஃப்லைன்' என்று எழுதி வைத்துவிடுகிறது. பிரிண்டர் 31-இல் விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆஃப்லைன் என்பது பிரிண்டரின் நிலை என்று நாம் படிக்கிறோம். அதை எழுதியது லேப்டாப். 'நான் தேடிய இடத்தில் கிடைக்கவில்லை' என்பதுதான் அதன் முழுப் பொருள்.

அப்படியானால் போன் எப்படிக் கண்டுபிடித்தது? போன் அறை எண்ணை எழுதி வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறையும் கூடத்தில் நின்று 'இங்கே பிரிண்டர் யாராவது இருக்கிறீர்களா?' என்று குரல் கொடுக்கிறது. பிரிண்டர் தன் பெயரையும் இப்போதைய எண்ணையும் சொல்கிறது. இந்த முறைக்கு எம்டிஎன்எஸ் என்று பெயர், ஆப்பிள் இதை போன்ஜோர் என்று அழைக்கிறது. எண் எத்தனை முறை மாறினாலும் கூப்பிட்டுக் கேட்பவருக்குக் கவலை இல்லை. ஐபோனில் இருக்கும் ஏர்பிரிண்ட் 2010-இல் வந்தபோதே இந்த வழியில்தான் பிரிண்டரைத் தேடியது. ஆண்ட்ராய்டு போன்களிலும் ஏறத்தாழ இதே முறைதான். கேனான், எச்பி, சாம்சங், ஜெராக்ஸ் ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து 2013-இல் தொடங்கிய மோப்ரியா என்ற கூட்டமைப்பின் பெயரை பிரிண்டர் பெட்டியில் பார்த்திருப்பீர்கள், அதுவும் இதற்காக ஏற்பட்டதுதான். பிரிண்டர் தன்னால் என்ன முடியும் என்பதை ஐபிபி வழியாகத் தானே சொல்லிவிடுவதால், ஒவ்வொரு மாடலுக்கும் தனி டிரைவர் வேண்டியதில்லை. மேக், லினக்ஸ் இரண்டிலும் அச்சு வேலையைப் பார்த்துக்கொள்ளும் கப்ஸ் என்ற மென்பொருள் நெடுங்காலமாகவே ஐபிபியை அடிப்படையாகக் கொண்டது. விண்டோஸும் மெல்ல அந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கிறது, பிரிண்டர் நிறுவனங்களின் தனி டிரைவர்களைப் படிப்படியாகக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023-இல் அறிவித்தது. இன்னும் சில ஆண்டுகளில் இந்தக் கேள்வியே அரிதாகிவிடும் என்று நம்புகிறேன்.

இப்போது, நீங்கள் சொன்னதை வைத்து எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துச் சொல்கிறேன். பிரிண்டரில் மை, தாள், அச்சிடும் பாகம் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்பது உறுதி, போனிலிருந்து அச்சாகிறதே. ஐபி முகவரி மாறியிருக்கிறது என்பது வலுவான ஊகம், ரௌட்டரை அணைத்ததும் தொடங்கியது என்பதால். ஆனால் வேறு சில வாய்ப்புகளும் உண்டு. போன் ரௌட்டர் வழியாகவே போகாமல் வைஃபை டைரக்ட் மூலம் பிரிண்டரோடு நேராகப் பேசிக்கொண்டிருக்கலாம், அப்படியென்றால் பிரிண்டர் வீட்டு வைஃபையில் சேரவே இல்லை என்றும் இருக்கலாம். பிரிண்டர் நிறுவனத்தின் ஆப் இணையம் வழியாகச் சுற்றி அனுப்பிக்கொண்டிருக்கலாம். லேப்டாப் வீட்டு வைஃபைக்குப் பதிலாக விருந்தினர் வைஃபையில் போய் ஒட்டிக்கொண்டிருக்கலாம், பல ரௌட்டர்களில் அங்கிருந்து மற்ற கருவிகளைப் பார்க்க முடியாது. அலுவலக வேலைக்கான விபிஎன், அதாவது லேப்டாப்பை இணையம் வழியாக அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் மென்பொருள், ஓடிக்கொண்டிருந்தாலும் வீட்டுப் பிரிண்டர் மறைந்துவிடுவது உண்டு. இவற்றில் எது என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது. நீங்கள் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்க முடியும்.

பிரிண்டரின் சிறு திரையில் நெட்வொர்க் என்ற பகுதிக்குப் போங்கள். திரை இல்லாத பிரிண்டரில் ஒரு பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் நெட்வொர்க் விவரங்களைத் தாளிலேயே அச்சிட்டுத் தரும், எந்தப் பொத்தான் என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் இருக்கும். அதில் ஐபி முகவரி என்ன என்று பாருங்கள். 169.254 என்று தொடங்கினால், ரௌட்டரிடம் எண் கேட்டுக் கிடைக்காமல் பிரிண்டர் தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள், வைஃபையில் மறுபடி சேர்க்க வேண்டும். எல்லாம் சுழியமாக இருந்தால் எங்குமே சேரவில்லை. 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் நல்ல செய்தி, வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் உள்ளே புழங்குவதற்கென்று ஒதுக்கிய எண்கள் அவை. அந்த எண்ணை லேப்டாப்பின் பிரௌசரில் முகவரி அடிக்கும் இடத்தில் அப்படியே அடித்துப் பாருங்கள். பெரும்பாலான நெட்வொர்க் பிரிண்டர்கள் தங்களுக்குள்ளேயே ஒரு சின்ன இணையப் பக்கம் வைத்திருக்கின்றன. அந்தப் பக்கம் திறந்துவிட்டால், லேப்டாப்பிலிருந்து பிரிண்டர் வரை வழி திறந்திருக்கிறது. மிச்சம் இருப்பது போர்ட் குறிப்பைத் திருத்துவது மட்டும்தான். இந்த ஒரு சோதனையை எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் விரும்புகிறேன், நெட்வொர்க் கோளாறா கணினிக் கோளாறா என்ற பாதி வாதம் இதிலேயே முடிந்துவிடும்.

திருத்துவதற்கு, பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸில் போர்ட்ஸ் பகுதியைத் திறந்து எந்த வரியில் குறி இருக்கிறது என்று பாருங்கள். 'ஸ்டாண்டர்டு டிசிபி ஐபி போர்ட்' என்று பழைய எண் இருந்தால், புதிய எண்ணோடு அதே வகைப் போர்ட் ஒன்றைச் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். அங்கே 'டபிள்யூஎஸ்டி' என்று இருந்தால் அது வேறு வகை, விண்டோஸ் விஸ்டா காலத்தில் வந்தது, பிரிண்டரைத் தானே தேடிப் பிடிக்க முயலும். நினைத்தது நல்லதுதான், ஆனால் என் அனுபவத்தில் காரணம் சொல்லாமல் ஆஃப்லைன் ஆகும் பிரிண்டர்களில் நிறைய இந்தப் போர்ட்டில் இருந்தவைதான். நான் அதை டிசிபி ஐபி போர்ட்டுக்கு மாற்றிவிடுவது வழக்கம். டிரைவரை நீக்கி மறுபடி நிறுவுவது சில நேரம் பலிக்கிறது என்றேன் அல்லவா, காரணம் இதுதான். புதிதாக நிறுவும்போது கணினி பிரிண்டரைத் தேடிப் புதிய எண்ணோடு புதிய போர்ட் எழுதிக்கொள்கிறது. டிரைவர் கெட்டிருக்கவே இல்லை.

எண் சரியாக இருந்தும் ஆஃப்லைன் என்று காட்டினால் இரண்டு இடங்களைப் பாருங்கள். க்யூ சாளரத்தில் 'யூஸ் பிரிண்டர் ஆஃப்லைன்' என்பதில் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள். அப்புறம், போர்ட் அமைப்பில் 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்' என்று ஒரு கட்டம் இருக்கும். எஸ்என்எம்பி என்பது நெட்வொர்க் கருவிகளிடம் நலம் விசாரிக்கும் முறை. விண்டோஸ் அந்த முறையில் கேட்டு, பிரிண்டர் பதில் சொல்லாவிட்டால், அச்சிடக்கூடிய நிலையில் இருக்கும் பிரிண்டரையும் ஆஃப்லைன் என்று முடிவு கட்டிவிடும். அந்தக் குறியை எடுத்துவிட்டால் பல நேரம் சரியாகிவிடும்.

போர்ட்டைத் திருத்திவிட்டு நிறுத்திக்கொண்டால், அடுத்த முறை ரௌட்டர் அணையும்போது மறுபடி இதே கதைதான். எண் மாறாமல் இருக்க இரண்டு வழிகள் உண்டு. பிரிண்டரிலேயே 'இதுதான் என் எண்' என்று எழுதிவைப்பது ஒன்று, இதற்கு ஸ்டாட்டிக் ஐபி என்று பெயர். ரௌட்டரிடம் 'இந்தக் கருவிக்கு எப்போதும் இந்த எண்ணையே கொடு' என்று சொல்லி வைப்பது இன்னொன்று, இது டிஎச்சிபி ரிசர்வேஷன். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஒருமுறை ஓர் அலுவலகத்தில் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பிரிண்டர் காணாமல் போகும். காலை வரும், மதியம் போகும். டிரைவரை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், நெட்வொர்க் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் ஸ்விட்ச் பெட்டியில் வேறு துளையில் செருகிப் பார்த்தேன், மூன்று வாரம் போயிற்று. கடைசியில் பார்த்தால், பிரிண்டரில் யாரோ ஸ்டாட்டிக் எண் எழுதி வைத்திருக்கிறார்கள், ரௌட்டருக்கு அது தெரியாது. வாரத்தில் இரண்டு நாள் வரும் ஒரு கணக்காளரின் லேப்டாப்புக்கு ரௌட்டர் அதே எண்ணைக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரே அறைக்கு இரண்டு பேர். இதை ஐபி கான்ஃப்ளிக்ட் என்பார்கள். அன்றிலிருந்து எண் ஒதுக்கும் வேலையை ஒரே மேசையிடம் விட்டுவிடுகிறேன்.

ரிசர்வேஷன் செய்யும்போது ரௌட்டர் மேக் முகவரி கேட்கும். ஆப்பிள் கணினிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஒவ்வொரு நெட்வொர்க் கருவிக்கும் தயாரிக்கும்போதே பதியும் 12 இலக்க அடையாளம் அது, எண்களும் எழுத்துகளும் கலந்து இருக்கும். அறை மாறினாலும் ஆளின் கைரேகை மாறாதது போல, ஐபி மாறினாலும் இது மாறாது. ஒரே பிரிண்டரில் கேபிளுக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று என்று இரண்டு மேக் முகவரிகள் இருக்கும், நீங்கள் பயன்படுத்தும் வழிக்கு உரியதைப் பார்த்து எடுங்கள். சப்நெட் மாஸ்க், கேட்வே என்ற சொற்களும் அதே பக்கத்தில் இருக்கும். முதலாவது, எந்த எண்கள் எல்லாம் நம் வீட்டுக்குள் இருக்கின்றன என்று பிரிக்கும் அளவுகோல், பெரும்பாலும் 255.255.255.0. இரண்டாவது, வெளியே போகும் வாசல், அதாவது ரௌட்டரின் சொந்த எண். டிஎச்சிபி இருக்கும்வரை இவற்றை நீங்கள் தொட வேண்டியதில்லை.

வைஃபையில் மறுபடி சேர்க்க வேண்டி வந்தால் ஒரு விஷயம். பல பிரிண்டர்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும், 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் பெயரே பட்டியலில் வராது. ரௌட்டர் இரண்டையும் தனித்தனிப் பெயரில் காட்டினால் பிரிண்டரை 2.4-இல் சேருங்கள். லேப்டாப் 5-இல் இருந்தாலும் பரவாயில்லை, விருந்தினர் வைஃபையாக இல்லாதவரை இரண்டும் ஒரே வீட்டின் இரண்டு வாசல்கள்தான்.

நெட்வொர்க்கைத் தாண்டி, அச்சிடும் சாளரத்தில் வரும் சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிபிஐ என்பது ஓர் அங்குல நீளத்தில், அதாவது 25.4 மில்லிமீட்டரில், எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு. 600 டிபிஐயில் ஒரு ஏ4 தாள் முழுக்கச் சுமார் 3.5 கோடிப் புள்ளிகள். கறுப்பு வெள்ளையில்கூட அது 4 எம்பிக்கு மேல் வரும், வண்ணம் என்றால் பல மடங்கு. படங்கள் நிறைந்த பக்கம் வர ஏன் நேரமாகிறது, சில பழைய பிரிண்டர்கள் ஏன் 'மெமரி போதவில்லை' என்கின்றன என்பது இதிலிருந்தே புரியும். எழுத்துகள் மட்டும் உள்ள பக்கத்துக்கு மிக உயர்ந்த டிபிஐ தேவையில்லை. டூப்ளெக்ஸ் என்றால் தாளின் இருபுறமும் அச்சிடுவது. அதில் நீண்ட விளிம்பு, குறுகிய விளிம்பு என்று கேட்கும்: புத்தகம் போலப் புரட்ட நீண்டது, மேல்நோக்கிப் புரட்டும் நாட்காட்டி போல வேண்டுமானால் குறுகியது. கொலேட் என்றால் 1, 2, 3 என்று முழுத் தொகுப்பாக முடித்துவிட்டு அடுத்த பிரதியைத் தொடங்குவது. தாளளவு மட்டும் கொஞ்சம் தொல்லை தரும். ஏ4 என்பது 210க்கு 297 மில்லிமீட்டர், அமெரிக்காவில் புழங்கும் லெட்டர் அளவு ஏறக்குறைய 216க்கு 279. வெளியிலிருந்து வந்த கோப்பில் லெட்டர் என்று இருந்து உங்கள் தட்டில் ஏ4 இருந்தால், தாள் இருக்கும்போதே 'தாள் வை' என்று சொல்லிப் பிரிண்டர் காத்து நிற்கும். நிறையப் பேர் இதைப் பிரிண்டர் பழுது என்று நினைத்துவிடுகிறார்கள், அச்சிடும் சாளரத்தில் தாளளவை மாற்றினாலே போதும்.

ஃபர்ம்வேர் என்ற சொல்லையும் டிரைவரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். டிரைவர் கணினியில் இருப்பது, ஃபர்ம்வேர் பிரிண்டருக்குள் ஓடும் மென்பொருள். பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்யவும் அதற்கு அப்டேட் வரும், சில நேரம் வேறு நிறுவனத்தின் மைப்பெட்டியை ஏற்க மறுக்கும் மாற்றமும் அதோடு சேர்ந்து வருவது உண்டு. அதனால் வெளியீட்டுக் குறிப்பைப் படித்துவிட்டுப் போடுங்கள். பாதுகாப்பு என்று வரும்போது இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து அச்சிட வசதியாக இருக்கும் என்று ரௌட்டரில் 9100 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடச் சொல்லும் ஆலோசனைகளைப் பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள். அந்தக் கதவு யார் தட்டுகிறார்கள் என்று கேட்பதே இல்லை, உலகில் எவர் வேண்டுமானாலும் உங்கள் பிரிண்டரில் அச்சிடலாம். பிரிண்டரின் இணையப் பக்கத்துக்குத் தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல் இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

நான் சொன்ன வரிசையில், பிரிண்டரில் ஐபி பார்த்து, பிரௌசரில் அடித்து, போர்ட்டைத் திருத்தி, ரௌட்டரில் ரிசர்வேஷன் வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் சரியாகாவிட்டால் மூன்று விவரங்களைச் சேர்த்து எழுதுங்கள்: பிரிண்டர் காட்டும் ஐபி முகவரி எப்படித் தொடங்குகிறது, பிரௌசரில் அந்தப் பக்கம் திறந்ததா, போர்ட்ஸ் பகுதியில் குறி எந்த வரியில் இருக்கிறது. பிரிண்டர் மாடலின் பெயரும் இருந்தால் நல்லது. மேக் முகவரியையும் வைஃபை கடவுச்சொல்லையும் பொதுவில் போட வேண்டாம், அவை இல்லாமலே பார்த்துச் சொல்ல முடியும்.